முப்பது சாக்பீஸும் ஓர் இடுப்பு மூட்டும்: உயிரிப்பொருள் ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

உலோகவியல் படித்துவிட்டு உயிரிப்பொருள் (உடலுக்குள் வைக்கும் பொருள்) ஆய்வுக்கு வருகிறவருக்குச் செல் வளர்ப்பு புதிராக இருக்கும். பல் மருத்துவம் படித்தவருக்கு நிகழ்தகவுச் சூத்திரத்தைப் பார்த்தால் தலை சுற்றும். கணிதம் படித்தவருக்கு ஃபர்னஸுக்குள் (செராமிக்கை வேகவைக்கும் உலைக்குள்) என்ன நடக்கிறது என்று தெரியாது. மூன்றையும் ஒழுங்காகப் படித்து முடித்துவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்கலாம் என்று உட்கார்ந்தால், பிஎச்.டி. காலம் அதிலேயே போய்விடும். நான் புதியவர்களிடம் சொல்வது வேறு. ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுங்கள். அது எங்கே போகிறதோ அங்கெல்லாம் பின்னாலேயே போங்கள். உடலுக்குள் வைக்கப்போகும் பொருளைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி இதுதான்: இது எப்போது உடையும்?

இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். தொடை எலும்பின் தலையை நீக்கிவிட்டு அங்கே ஒரு பந்தை வைக்கிறார்கள். 1962ல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி உலோகப் பந்தையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் சேர்த்து வைத்தார். 1970ல் பிரான்சில் பியர் பூத்தான் அலுமினா என்ற செராமிக்கைக் கொண்டுவந்தார். செராமிக் எளிதில் தேயாது, துருப்பிடிக்காது. ஆனால் உடைந்தால் ஒரே நொடியில் சுக்குநூறாகும். நடக்கும்போது இடுப்பு மூட்டில் விழும் சுமை உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கால் தடுக்கினால் எட்டு மடங்குவரை போகிறது என்று, உடலுக்குள்ளேயே உணரிகள் வைத்து பெர்லினில் அளந்திருக்கிறார்கள். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் வாசற்படியில் தடுக்கினால் அந்தச் சின்னப் பந்தின் மேல் ஐந்நூறு கிலோவுக்குப் பக்கமாக விழும்.

இதை ஆராய, பொருள்களை இழுத்தும் அழுத்தியும் உடைத்துச் சோதிக்கும் யூடிஎம் இயந்திரத்தின் முன்னால் போய் நிற்க வேண்டாம். முதல் வாரம் வீட்டிலேயே தொடங்கலாம்.

முதல் படி: முப்பது சாக்பீஸை உடையுங்கள்

வேண்டியவை: ஒரே டப்பாவிலிருந்து முப்பது சாக்பீஸ், ஒரே உயரத்தில் இரண்டு ஸ்டூல், இரண்டு பென்சில், ஒரு துண்டு நைலான் கயிறு, ஒரு சின்ன பிளாஸ்டிக் வாளி, உலர்ந்த மணல், சமையலறைத் தராசு, வெர்னியர் (விட்டத்தைத் துல்லியமாக அளக்கும் கருவி), ஒரு நோட்டு. சாக்பீஸ்கள் இரண்டு நாள் வெயிலில் காயட்டும். ஜிப்சத்தால் செய்தவை அவை. ஈரம் ஏறினால் பலம் குறைந்துவிடும், மழைக்காலத்தில் செய்கிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

ஸ்டூல்களின் ஓரத்தில் பென்சில்களை ஒட்டுங்கள். பென்சிலுக்கும் பென்சிலுக்கும் நடுவே சரியாக 60 மி.மீ. இருக்கட்டும். ஸ்டூலின் கூரான விளிம்பிலேயே வைத்தால் சாக்பீஸ் அங்கே நசுங்கும், நீங்கள் அளக்க நினைப்பது ஒன்று, அளப்பது வேறொன்று ஆகிவிடும். சாக்பீஸை இரண்டு பென்சில்களின் மேல் குறுக்கே வைத்து, நடுவில் கயிற்று வளையத்தை மாட்டி, வாளியைத் தொங்கவிடுங்கள். வாளிக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி போதும். கீழே ஒரு பழைய துணியைப் போடுங்கள். இப்போது மணலை மெலிதாக, ஒரே வேகத்தில் கொட்டுங்கள். 'டக்' என்று சத்தம் வந்ததும் கையை நிறுத்திவிட்டு, வாளியோடும் கயிற்றோடும் சேர்த்து எடை போடுங்கள்.

எடையை அப்படியே ஒப்பிடக் கூடாது. பள்ளிக்கூட சாக்பீஸ் ஒரு முனையில் தடித்தும் மறு முனையில் மெலிந்தும் இருக்கும். உடைந்த இடத்தில் விட்டத்தை இரண்டு திசையிலும் அளந்து சராசரி எடுங்கள். பிறகு கணக்கு: எடையை நியூட்டனாக்கி (கிலோவை 9.81ஆல் பெருக்கி), அதை இடைவெளியாலும் 8ஆலும் பெருக்குங்கள். வருவதை 3.14 × விட்டம் × விட்டம் × விட்டம் என்பதால் வகுங்கள். நீளங்களை மி.மீ.இல் வைத்தால் விடை, அதாவது வலிமை, மெகாபாஸ்கல் என்ற அலகில் வரும். 10 மி.மீ. விட்டமுள்ள சாக்பீஸ் 2 கிலோவில் உடைந்தால் 3 மெகாபாஸ்கல். விட்டம் மூன்று முறை பெருக்கப்படுவதால், விட்டத்தில் 5 சதவீதம் தவறினால் வலிமையில் ஏறக்குறைய 15 சதவீதம் தவறும். வெர்னியரை ஆற அமரப் பிடியுங்கள்.

இனி முக்கியமானது. ஏதோ ஒரு சாக்பீஸ் மற்றவற்றைவிட ரொம்பச் சீக்கிரம் உடையும். "இது எங்கேயோ கோளாறு, விட்டுவிடலாம்" என்று மனசு சொல்லும். விடாதீர்கள். அதன் உடைந்த முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வளையும்போது கீழ்ப்பக்கம்தான் இழுபடுகிறது, அதனால் கீழ் ஓரத்தைத் தேடுங்கள். கடுகில் பாதி அளவுக்கு ஒரு குழி, வார்க்கும்போது மாட்டிக்கொண்ட காற்றுக்குமிழி, பல நேரம் அங்கே இருக்கும். உடைவு தொடங்கிய இடம் அதுதான். அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டிருந்தால் இந்தச் சோதனையில் கற்றுக்கொள்ள வேண்டியதில் பெரும்பகுதியையும் சேர்த்துத் தூக்கிப் போட்டிருப்பீர்கள்.

முப்பதும் முடிந்ததும் துண்டுகளை எண் போட்டுச் சின்னச் சின்ன உறைகளில் வையுங்கள்.

இரண்டாம் படி: சராசரியை ஓரமாக வையுங்கள்

எஃகுக் கம்பி வளைந்து கொடுக்கும். அதற்குள் இருக்கும் சின்னக் குறை தன்னைச் சுற்றியுள்ள இடத்தை நெகிழவைத்துத் தணிந்துவிடும். அதனால் பத்து எஃகுக் கம்பிகளை இழுத்தால் பத்தும் ஏறக்குறைய ஒரே சுமையில் நெகிழத் தொடங்கும். கண்ணாடி, சாக்பீஸ், செராமிக் ஆகியவற்றுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. கண்ணாடி அதன் வேதிப்பிணைப்புகளை வைத்துக் கணக்கிட்ட வலிமையைவிட மிகக் குறைந்த சுமையிலேயே உடைவதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள்தான் என்று 1921ல் ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித் காட்டினார். மெல்லிய கண்ணாடி இழைகளை இழுத்து, இழை மெலிய மெலிய வலிமை கூடுவதை அளந்தார். மெலிந்த இழையில் பெரிய விரிசலுக்கு இடமே இல்லை.

அப்படியானால் ஒரு செராமிக் துண்டின் வலிமை என்பது அதற்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான குறைகளில் மிக மோசமான ஒன்றின் வலிமை. சங்கிலிக்கு அதன் மிக நலிந்த கண்ணி எப்படியோ, அப்படி. இங்கேதான் பொருளறிவியல் நிகழ்தகவின் வீட்டுக்குள் நுழைகிறது. பல எண்களின் கூட்டுத்தொகையை எடுத்தால் மணி வடிவ இயல்நிலைப் பரவல் வரும் என்று கல்லூரியில் படித்திருப்பீர்கள். ஆனால் பல எண்களில் மிகச் சிறியதை மட்டும் எடுத்தால் வேறு பரவல் வரும். ஸ்வீடன் பொறியாளர் வலோடி வைபுல் 1939ல் இதைப் பொருள்களின் வலிமைக்குப் பயன்படுத்தினார். 1951ல் வந்த அவருடைய புகழ்பெற்ற கட்டுரையில் ஏழு எடுத்துக்காட்டுகள் உண்டு. எஃகின் வலிமைக்குப் பக்கத்திலேயே இந்தியப் பருத்தி இழையின் வலிமை, பீன்ஸ் விதையின் அகலம், பிரிட்டிஷ் தீவுகளில் பிறந்த ஆண்களின் உயரம் எல்லாம் இருக்கின்றன. துறைகளைத் தாண்டிப் போக அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

மூன்றாம் படி: வரிசைப்படுத்தி வரையுங்கள்

முப்பது வலிமைகளையும் சிறியதிலிருந்து பெரியது வரை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் உடைவு நிகழ்தகவு கொடுக்க வேண்டும்: வரிசை எண்ணிலிருந்து அரையைக் கழித்து மொத்த எண்ணிக்கையால் வகுங்கள். முதலாவதுக்கு 0.5 ÷ 30, அதாவது 0.0167. கடைசிக்கு 29.5 ÷ 30, அதாவது 0.983.

அடுத்து, 1லிருந்து அந்த நிகழ்தகவைக் கழித்தால் பிழைக்கும் நிகழ்தகவு. அதன் தலைகீழிக்கு இயற்கை மடக்கை எடுத்து, அதற்கு இன்னொரு முறை மடக்கை எடுங்கள். இது குத்தச்சு. வலிமையின் மடக்கை கிடையச்சு. முப்பது துண்டுகளுக்குக் குத்தச்சு −4.09இல் தொடங்கி 1.41இல் முடியும், உங்கள் எண் சரியா என்று இதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் விழுந்தால் வைபுல் பரவல் பொருந்துகிறது. கோட்டின் சாய்வுக்கு வைபுல் எண் என்று பெயர். கோடு குத்தச்சில் பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் உள்ள வலிமைக்குச் சிறப்பு வலிமை என்று பெயர், 63.2 சதவீதத் துண்டுகள் அதற்குள் உடைந்திருக்கும்.

ஒருமுறையாவது இதை வரைபடத்தாளில் கையால் செய்யுங்கள். கணினி ஒரு நொடியில் தரும்தான். ஆனால் முதல் புள்ளி மட்டும் கோட்டைவிட்டு விலகி நிற்பதைக் கையால் குறிக்கும்போது ஏற்படும் உறுத்தல் கணினி தரும் எண்ணில் வராது. கோடு நடுவில் மடிந்து இரண்டு சாய்வாகத் தெரிந்தால் பெரும்பாலும் இரண்டு வகைக் குறைகள் இருக்கின்றன என்று பொருள்: சிலவற்றில் குமிழி, சிலவற்றில் மேல்பரப்புக் கீறல். உறைகளைத் திறந்து அந்தந்தத் துண்டின் முகத்தைத் திரும்பப் பாருங்கள். எண் போட்டு வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

நான்காம் படி: சாய்வு என்ன சொல்கிறது

சாக்பீஸுக்கு வைபுல் எண் ஒற்றை இலக்கத்தில் வருவது வழக்கம். நல்ல பொறியியல் செராமிக்குகள் 10, 15, 20 என்று போகும். இந்த எண்ணுக்கு ஒரு நோயாளியின் காலில் என்ன மதிப்பு என்று பார்ப்போம். மூன்று செராமிக்குகள், மூன்றுக்கும் சிறப்பு வலிமை 1,000 மெகாபாஸ்கல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மேல் உடையக் கூடாது என்பது நிபந்தனை. வைபுல் எண் 20 உள்ள பொருளின் மேல் 631 மெகாபாஸ்கல் வரை ஏற்றலாம். 10 உள்ளதின் மேல் 398. 5 உள்ளதின் மேல் வெறும் 158. சராசரியை மட்டும் அட்டவணையில் போட்டிருந்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே பொருளாகத் தெரிந்திருக்கும்.

அளவும் இதில் சேரும். துண்டு பெரிதானால் மோசமான குறை உள்ளே இருக்கும் வாய்ப்பும் கூடும். வைபுல் எண் 10ஆக இருந்தால், பருமன் பத்து மடங்கானால் வலிமை 79 சதவீதமாகக் குறையும். எண் 5ஆக இருந்தால் 63 சதவீதமாகிவிடும். சின்ன வில்லையில் கிடைத்த வலிமையை அப்படியே பெரிய பந்துக்குச் சொல்லிவிட முடியாது என்பது இதனால்தான். புதியவர்கள் எழுதும் ஆய்வுக்கட்டுரைகளில் நான் அதிகம் பார்க்கும் தவறும் இதுவே.

மென்பொருள் பற்றி இரண்டு எச்சரிக்கை. பைத்தானில் சைப்பை நூலகத்தின் வைபுல் பொருத்தும் கட்டளை, நீங்கள் சொல்லாவிட்டால், தொடக்க இடம் என்ற மூன்றாவது அளவையும் தானாகவே சேர்த்துப் பொருத்தும். அதைப் பூஜ்யத்தில் நிறுத்திவையுங்கள், இல்லையென்றால் வருகிற வைபுல் எண் வேறு கதை சொல்லும். ஆர் மொழியின் சர்வைவல் தொகுப்பு தரும் 'ஸ்கேல்' என்பது வைபுல் எண்ணின் தலைகீழி. 0.1 என்று பார்த்துப் பயப்பட வேண்டாம், அது 10.

எத்தனை துண்டு போதும் என்று கேட்பீர்கள். வைபுல் எண்ணில் உள்ள நிச்சயமின்மை, தோராயமாக 78 சதவீதத்தைத் துண்டுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது. 10 துண்டுக்கு 25 சதவீதம், 30 துண்டுக்கு 14, 100 துண்டுக்கு 8. அதோடு, குறைந்த துண்டுகளை வைத்து மீப்பெரு சாத்திய முறையில் (அளந்த எண்களுக்கு மிக நன்றாகப் பொருந்தும் மதிப்பைத் தேடும் முறை) கணித்தால் எண் உண்மையைவிடக் கொஞ்சம் உயர்வாகவே வரும். பொருள் நல்லது என்று தோன்றவைக்கும் திசையிலேயே தவறு போகிறது என்பதால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். பத்துத் துண்டை வைத்து "எங்கள் பொருளின் வைபுல் எண் 11, பழையதின் எண் 9, ஆகவே எங்களுடையது மேல்" என்று எழுதாதீர்கள். அந்த வித்தியாசத்தில் ஒன்றுமே இல்லை.

ஐந்தாம் படி: இப்போது லேபுக்கு வாருங்கள்

பல் செராமிக்குகளுக்கான ஐஎஸ்ஓ 6872 தரநூலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஜிர்கோனியா என்ற உறுதியான செராமிக் போன்றவற்றைச் சோதிக்க அதில் ஓர் எளிய அமைப்பு உண்டு: 12 முதல் 16 மி.மீ. விட்டமும் சுமார் 1.2 மி.மீ. தடிமனும் உள்ள வில்லையை மூன்று எஃகுக் குண்டுகளின் மேல் வைத்து, 1.4 மி.மீ. விட்டமுள்ள தட்டை முனைக் கம்பியால் நடுவில் அழுத்துவது. வில்லையின் ஓரத்தில் தகைவு (பொருளுக்குள் ஒவ்வோர் இடத்திலும் விழும் அழுத்தம் அல்லது இழுப்பு) குறைவு என்பதால், வெட்டும்போது ஓரத்தில் விழுந்த சிராய்ப்புகள் விடையைக் கெடுப்பதில்லை. நடுப்பகுதியின் அடிப்பக்கம்தான் இழுபடும் பக்கம். பாலிஷ் செய்த பக்கத்தைக் கீழே வைக்க வேண்டும். இதை மாற்றி வைத்துவிட்டு ஒரு வாரத்து டேட்டாவை இழந்தவர்கள் உண்டு. வில்லையின் மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிற பழக்கம் எங்கள் லேபில் அப்படித்தான் வந்தது.

உடைந்த துண்டுகளைத் தொலைக்காமல் இருக்க, உடைக்கும் முன்பே மேல்பக்கத்தில் ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் உடைவு தொடங்கிய இடத்தைச் சுற்றி ஒரு வழவழப்பான பகுதி, அதைத் தாண்டி மங்கலான பகுதி, அதற்கும் வெளியே கதிர்போல ஓடும் கோடுகள் தெரியும். கதிர்களைப் பின்னோக்கித் தொடர்ந்தால் குற்றவாளிக் குறையிடம் போய் நிற்கும். முதல்முறை நீங்களே தேடிக் கண்டுபிடிக்கும்போது மனசு துள்ளும்.

ஆனால் இந்த இடத்தில் நின்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். முப்பது வில்லை என்றால் எண்ணிக்கை முப்பதா? எல்லாம் ஒரே பொடியிலிருந்து, ஒரே நாளில், ஒரே ஃபர்னஸில் வெந்தவை என்றால், வில்லைக்கு வில்லை உள்ள வேறுபாட்டுக்குத்தான் எண்ணிக்கை முப்பது. பேட்சுக்குப் பேட்ச் உள்ள வேறுபாட்டுக்கு உங்கள் எண்ணிக்கை ஒன்றுதான். இதற்கு மருத்துவ உலகம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. ஒரு பிரெஞ்சுத் தயாரிப்பாளர் ஜிர்கோனியா இடுப்புப் பந்துகளை வேகவைப்பதற்கு, தொகுதி தொகுதியாக இயங்கும் ஃபர்னஸுக்குப் பதிலாக 1998ல் தொடர்ந்து ஓடும் சுரங்க ஃபர்னஸைக் கொண்டுவந்தார். பொடி அதே, வடிவம் அதே. ஆனால் குறிப்பிட்ட சில பேட்சுகளில் பந்துகள் நோயாளிகளின் உடலுக்குள் வரிசையாக உடைந்தன. 2001ல் உலகம் முழுவதும் அவை திரும்பப் பெறப்பட்டன. பழைய பேட்சிலிருந்து முப்பதாயிரம் பந்துகளை உடைத்துப் பார்த்திருந்தாலும் இது தெரிந்திருக்காது.

ஆகவே உங்களால் முப்பது வில்லைதான் முடியும் என்றால், ஒரே பேட்சில் முப்பது செய்யாமல், வெவ்வேறு நாள்களில் வேகவைத்த மூன்று பேட்சில் பத்துப் பத்தாகச் செய்யுங்கள். எந்த வில்லை எந்தப் பேட்ச் என்று எழுதுங்கள். சோதிக்கும் வரிசையைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், காலையில் எல்லாம் முதல் பேட்ச், மாலையில் எல்லாம் கடைசிப் பேட்ச் என்று ஆகாதபடி.

ஆறாம் படி: நனையுங்கள்

உலர்ந்த அறையில் கிடைத்த வலிமை உடலுக்குள் செல்லுபடியாகாது. விரிசலின் நுனியில் தகைவோடு நீரும் சேர்ந்தால், உடைக்கப் போதாத சுமையிலும் விரிசல் மெல்ல நகரும். ஆண்டுக்குப் பத்து லட்சம் முறை சுமை ஏறி இறங்கும் சுழற்சி என்பது இடுப்பு மூட்டுக்குச் சோதனைக்கூடங்கள் வைத்திருக்கும் கணக்கு. நகர்வதற்கு விரிசலுக்கு நிறைய வாய்ப்பு இருக்கிறது.

ஜிர்கோனியாவிடம் இன்னொரு தனிக்குணமும் உண்டு. 1975ல் ஆஸ்திரேலியாவில் கார்வியும் அவருடைய சக ஆய்வாளர்களும் எழுதியதிலிருந்து தெரியவந்தது இது: விரிசல் நெருங்கும்போது அதன் படிக அமைப்பு மாறி 4 சதவீதத்துக்கு மேல் பருக்கிறது. அந்தப் பருமன் விரிசலை நசுக்கி நிறுத்துகிறது. அவ்வளவு உறுதிக்குக் காரணம் இதுதான். ஆனால் அதே மாற்றம், விரிசல் எதுவும் இல்லாமலேயே, ஈரத்தால் மேல்பரப்பில் மெல்ல மெல்ல நடக்கும். அப்போது பரப்பு சொரசொரத்து, நுண்விரிசல்கள் தோன்றும். இதைச் சோதிக்க ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) 134 டிகிரி செல்சியஸில், 2 பார் அழுத்தத்தில் 5 மணி நேரம் வைக்கும் முறை உண்டு. இந்த வெப்பத்தில் ஒரு மணி நேரம் உடலில் மூன்று நான்கு ஆண்டுகளுக்குச் சமம் என்று ஒரு கணக்கைப் பலர் எழுதுவார்கள். எல்லா ஜிர்கோனியாவுக்கும் அது பொருந்தாது, அப்படியே எடுத்து எழுதாதீர்கள். ஆட்டோகிளேவுக்கு முன் பதினைந்து, பின் பதினைந்து என்று வைபுல் கோடுகள் இரண்டை ஒரே தாளில் வரைந்து பாருங்கள். கோடு இடப்பக்கம் நகர்கிறதா, சாய்கிறதா, இரண்டுமா என்பது கண்ணுக்கே தெரியும்.

ஏழாம் படி: செல்களிடம் போகும்போது

பொருள் நஞ்சா என்று முதலில் பார்ப்பது ஐஎஸ்ஓ 10993 தொகுப்பின் ஐந்தாம் பகுதிப்படி. எல்929 என்ற எலிச் செல்கள் இதற்கு வழக்கமானவை. செல்களின் உயிர்ப்பை நிறமாற்றத்தால் அளக்கும் எம்டிடி சோதனையில் உயிருள்ள செல்கள் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நஞ்சு என்று கொள்வார்கள். செய்முறையை அந்த லேபில் உள்ளவர்களே சொல்லிக்கொடுப்பார்கள், நான் சொல்ல வேண்டியது எண்ணிக்கை பற்றித்தான். ஒரே தட்டில் ஆறு குழிகளில் ஒரே செல் தொகுதியைப் போட்டுவிட்டு எண்ணிக்கை ஆறு என்று எழுதுகிறார்கள். அது ஆறு அல்ல, ஒன்று. அந்த ஆறும் உங்கள் பிப்பெட் பிடித்த கை எவ்வளவு நிதானமானது என்பதைத்தான் சொல்கின்றன. வேறு நாளில், வேறு தலைமுறைச் செல்லில், வேறு பேட்ச் பொருளில் திரும்பச் செய்தால்தான் அது இரண்டு. ஃபர்னஸில் பார்த்த அதே பிரச்சினை இங்கே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வருகிறது. ஒன்றில் புரிந்தால் மற்றதில் புரியும்.

விலங்குச் சோதனைக்கும், நோயாளிகளின் பதிவுகளைத் தொடுவதற்கும் முன்பாக உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுக்களின் அனுமதி வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். முதல் சாக்பீஸை உடைக்கும் வாரத்திலேயே விண்ணப்பத்தை எழுதத் தொடங்குங்கள். விலங்குக் கட்டம் வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் இதய வால்வு கதையைச் சொல்வேன். இதய அறுவை மருத்துவர் வலியத்தான் தலைமையில் உருவான அந்த வால்வில் ஒற்றைப் படிக சஃபையர் வட்டு ஒரு கட்டத்தில் முயலப்பட்டது. மிகக் கடினமான பொருள். செம்மறி ஆட்டின் உடலுக்குள் அது உடைந்தது. வட்டைப் பாலிஎத்திலீனுக்கு மாற்றினார்கள், 1990 டிசம்பரில் அந்த வால்வு முதல் நோயாளியின் இதயத்தில் துடித்தது. ஓர் ஆட்டோடு தவறு நின்றது.

எட்டாம் படி: உடையாதவற்றையும் எண்ணுங்கள்

நோயாளிகளின் டேட்டாவில் புதுச் சிக்கல் ஒன்று வரும். லேபில் எல்லா வில்லையும் உடையும். நோயாளிகளில் பெரும்பாலோருக்கு, நல்லவேளையாக, உடையாது. ஒருவர் வேறு ஊருக்குப் போய்விடுவார், ஒருவர் வேறு நோயால் இறந்திருப்பார், ஒருவருக்கு அறுவை முடிந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருக்கும். இவர்களை விட்டுவிட்டு, உடைந்தவர்களின் சராசரி ஆயுளை மட்டும் கணக்கிட்டால் பொருள் மிக மோசமானதாகத் தெரியும். இவர்களுக்கு உடையவே உடையாது என்று வைத்துச் சேர்த்தால் மிக நல்லதாகத் தெரியும். இரண்டும் பொய்.

இதற்கான வழி 1958ல் வந்த கேப்லான்-மையர் முறை. கேப்லான் ஆராய்ந்தது கடலடித் தொலைபேசிக் கம்பிகளில் இருந்த வெற்றிடக் குழாய்களின் ஆயுளை. மையர் ஆராய்ந்தது புற்றுநோயாளிகளின் ஆயுளை. இருவரும் தனித்தனியே ஒரே விடைக்கு வந்து, சேர்ந்து எழுதினார்கள். கணக்கு எளிது. ஒவ்வோர் உடைவின்போதும், அந்த நாளில் இன்னும் கண்காணிப்பில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அவர்களில் உடையாமல் தப்பியவர்களின் விகிதத்தை எடுங்கள். எல்லா விகிதங்களையும் பெருக்கிக்கொண்டே போங்கள். கண்காணிப்பிலிருந்து போனவர் போகும் நாள்வரை கணக்கில் இருப்பார். பத்து நோயாளிகளை வைத்துக் கையால் ஒருமுறை செய்து பாருங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: வயதானவர்களில் மூட்டு உடைவதற்கு முன்பே இறப்பவர்கள் நிறைய. அவர்களை ஊருக்குப் போய்விட்டவர்களைப் போலவே நடத்தினால் உடைவின் நிகழ்தகவு உண்மையைவிட அதிகமாகத் தெரியும். இதற்குப் போட்டி அபாயக் கணக்கு என்று தனி முறை உண்டு.

இந்தக் கணக்கு யாருக்கு வேண்டும் என்று தோன்றினால், பியோர்க்-ஷைலி குவிவு-குழிவு இதய வால்வைப் படியுங்கள். 1979லிருந்து 1986வரை விற்பனையில் இருந்தது, உலகம் முழுவதும் சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. வட்டைத் தாங்கும் வெளிப்பக்கக் கம்பி வெல்டிங் செய்த இடத்தில் உலோகக் களைப்பால் (திரும்பத் திரும்பச் சுமை விழுவதால்) முறிந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட முறிவுகள் பதிவாயின, முறிந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். வால்வை எடுத்துவிடலாமே என்றால், மறுபடி இதயத்தைத் திறப்பதிலும் உயிர் போகும் வாய்ப்பு உண்டு. 2,300க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பின்தொடர்ந்து 1992ல் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வு, பெரிய அளவு வால்வுகளிலும் வட்டு 70 பாகை திறக்கும் வகையிலும் அபாயம் கூடுதல் என்று பிரித்துக் காட்டியது. அதற்குப் பிறகுதான் மருத்துவரால் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம், உங்கள் வயதுக்கும் உங்கள் வால்வின் அளவுக்கும் இதை எடுப்பது நல்லதா, விடுவது நல்லதா என்று எண்ணோடு பேச முடிந்தது. ஒரு வெல்டிங், ஒரு நிகழ்தகவு, ஒரு மனிதர்: மூன்று துறையும் அந்த நாற்காலியில் சந்திக்கின்றன.

கடைசியாக, எழுதும்போது

"வலிமை 1,020 ± 90 மெகாபாஸ்கல்" என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை வில்லை, எத்தனை பேட்ச், எந்த அமைப்பில், உலர்ந்தா நனைந்தா, சிறப்பு வலிமை, வைபுல் எண், இரண்டுக்கும் நம்பக எல்லைகள் (உண்மை மதிப்பு எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்பது), எந்த முறையில் கணித்தது என்று எல்லாம் வேண்டும். முப்பது எண்களையும் இணைப்பாகக் கொடுங்கள், ஒரு பக்கம்கூட ஆகாது. எதையாவது நீக்கியிருந்தால் ஏன் என்று எழுதுங்கள். காரணம் உடைவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்: வில்லை சாய்ந்திருந்தது, இயந்திரம் நடுவில் நின்றது என்பது போல. "மிகக் குறைவாக வந்தது" என்பது காரணம் ஆகாது.

மிகக் குறைந்த வலிமையில் உடைந்த வில்லையின் படத்தை, உடைவு தொடங்கிய இடத்தில் அம்புக்குறியிட்டு, கட்டுரையின் முதல் படமாகப் போடுங்கள். உங்கள் கைடு அழகான வில்லை ஒன்றின் படத்தைப் போடச் சொல்லக்கூடும். இரண்டையும் மேசையில் வைத்து, எந்த வில்லை எதைச் சொல்கிறது என்று அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். உறைகளைக் கையோடு கொண்டுபோங்கள்.